பேனாக்கத்தியும் கடவுச்சீட்டும்

கேள்வி: 6 ஜூலை 2025, ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை

ஐயா, என் மகள் செப்டம்பரில் முதுநிலைப் படிப்புக்காக மான்செஸ்டர் போகிறாள். என் அப்பா வைத்திருந்த, சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் பேனாக்கத்தியை அவளிடம் கொடுத்தனுப்ப ஆசை. மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் உலகத்தில் எந்த நாட்டிலும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா? எந்தப் பையில் வைப்பது? விடுமுறையில் மற்ற நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனாலும் கூடவே எடுத்துப் போகலாமா?

6 ஜூலை 2025, இரவு

மூன்று அங்குலம் என்பது பிரிட்டனின் கணக்கு. அதை உலகத்துக்கே பொதுவாக்கியது உங்கள் நண்பரின் பிழை. பிரிட்டனிலேயே அது பாதிக் கணக்குதான்.

அங்கே 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு இதைப் பார்த்துக்கொள்கிறது. அலகோ கூர்முனையோ உள்ள பொருளைத் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். மடக்கும் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு; அதன் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. சூட்சுமம் ‘மடக்கும்’ என்ற சொல்லில் இருக்கிறது. திறந்ததும் அலகு பூட்டிக்கொள்கிற கத்தியை மடக்குக் கத்தியாகவே அங்குள்ள நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1990களில் வந்த தீர்ப்புகள் இதை உறுதி செய்துவிட்டன. பொத்தானை அமுக்கினால்தான், வளையத்தைத் திருப்பினால்தான் மடங்கும் என்றால் அது நிலையான அலகு. அலகு இரண்டே அங்குலம் இருந்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை வரை போகும்.

உங்கள் அப்பாவின் கத்தியை எடுத்துப் பெரிய அலகைத் திறந்து, முதுகுப் பக்கம் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு ‘டக்’ என்று உள்ளே விழுந்தால் பூட்டு இல்லை. மடக்கிய நிலையில் அளந்து, எத்தனை செ.மீ. என்றும் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

பையைப் பற்றி: செக்-இன் பெட்டிக்குள். இந்தியாவில் விமானம் ஏறும்போது கைப்பையில் எந்த அளவுக் கத்திக்கும் இடமில்லை.

7 ஜூலை 2025

மடக்கிய நிலையில் 9.1 செ.மீ., பூட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. என்னிடம் இருப்பதும் அதே அளவுதான். அலகு பிடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய 7 செ.மீ. பிரிட்டனின் விலக்குக்குள் அடங்கும்.

நான் யார், எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் வழக்கறிஞர் இல்லை. நூற்பாலை இயந்திரங்களை நிறுவி ஓடவிட்டுத் தரும் வேலையில் 34 ஆண்டுகள் இருந்தேன். கோவையில் தொடங்கி வங்கதேசம், துருக்கி, ஜெர்மனி, ஜப்பான் என்று போன இடமெல்லாம் சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி. இயந்திரம் வந்திறங்கும் மரப்பெட்டியின் பட்டையை அறுக்க, கூம்பில் சிக்குண்ட நூலை நறுக்க, எண்ணெய்க் குழாயின் வாயைச் சீவ, மதியம் கொய்யாவை நாலாகப் பிளக்க எல்லாவற்றுக்கும் அதுதான். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மட்டும் அதை எடுக்க மாட்டேன். ரப்பர் உறையில் ஒரு கீறல் விழுந்தால் அந்த உருளை பிடிக்கிற நூலெல்லாம் சீர்கெடும். அதற்குப் பித்தளைக் கொக்கி இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தருவேன்.

அந்தக் கத்திகளில் ஒன்றைப் பறிகொடுத்தேன். அதை எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

9 ஜூலை 2025

எழுதிவிடுகிறேன். இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

முதன்முதலாக எனக்கு இயந்திரம் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, ஓய்வுபெறும் நாளில் தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சின்னக் கத்தியைக் கழற்றி என் கையில் வைத்தார். மடக்கினால் சுண்டுவிரல் நீளம். ஒரு அலகு, ஒரு குட்டிக் கத்தரி, ஒரு அரம், ஒரு இடுக்கி, ஒரு பல்குத்தி. பல்குத்தியைத் தொலைத்துவிட்டு, மூங்கிலில் ஒன்று சீவி அந்தத் துளைக்குள் செருகிவைத்திருந்தார். அந்த மூங்கில் குச்சி அவர் விரல் பட்டுப் பட்டு மெருகேறி, தேன் நிறத்தில் இருக்கும்.

ஜெர்மனியில் வேலை முடிந்து திரும்பும்போது அது என் கைப்பையில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் கைப்பையில் போகக்கூடாதது 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகு. இதன் அலகு 4 செ.மீ.கூட இல்லை. சோதனை செய்தவர் எடுத்துப் பார்த்தார், திறந்தார், மடக்கினார், திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது, விதியைத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று.

வழியில் விமானம் மாறினேன். அங்கே கைப்பையை மறுபடியும் ஸ்கேனரில் விடச் சொன்னார்கள். அந்த நிலையத்தின் விதி வேறு. சோதனைப் பணியில் இருந்த பெண் குரலை உயர்த்தவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, நகவெட்டிகளும் கத்தரிக்கோல்களும் கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டார். என் பெட்டி ஏற்கெனவே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. அதற்குள் வைத்திருந்தால் கத்தி வீடு வந்து சேர்ந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மூங்கில் குச்சி தெரிந்தது.

மேஸ்திரியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆகவே இது என் உறுதியான கருத்து: கைப்பையில் எது போகலாம் என்பதைப் புறப்படும் ஊரின் விதி மட்டும் முடிவு செய்யாது. வழியில் எத்தனை இடத்தில் சோதனை உண்டோ, அத்தனையிலும் மிகக் கடுமையான விதி எதுவோ அதுதான் உங்களுக்கான விதி. ஈரோட்டிலிருந்து மான்செஸ்டர் போக எப்படியும் ஓர் இடத்தில் மாற வேண்டியிருக்கும். செக்-இன் பெட்டி. வேறு பேச்சே வேண்டாம்.

10 ஜூலை 2025

அமெரிக்காவில் சின்னக் கத்தியைக் கைப்பையில் அனுமதிக்கிறார்களாமே என்று ஒருவர் கேட்கிறார். 2013 மார்ச்சில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது உண்மை: 2.36 அங்குலம், அதாவது 6 செ.மீ. வரை. விமானப் பணியாளர்களின் எதிர்ப்பு வலுத்து, அதே ஆண்டு ஜூனில் கைவிட்டார்கள். பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கனடா 2017 நவம்பரில் 6 செ.மீ. வரை அனுமதித்தது, அமெரிக்கா போகும் விமானங்களுக்கு அது பொருந்தாது.

13 ஜூலை 2025

ஜெர்மனி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கே ஆயுதச் சட்டத்தில் 42அ என்றொரு பிரிவு, 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கையால் திறந்து, திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. 12 செ.மீ.க்கு மேற்பட்ட நிலையான அலகுக்கும் அதே தடை. நகக்குழியில் நகம் வைத்து இரண்டு கையால் திறக்கிற சாதாரண பேனாக்கத்தி இதில் வராது.

இந்த 42அ படுத்தும் பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுவிஸ் ராணுவமே தன் சிப்பாய்களுக்குத் தருகிற 2008ஆம் ஆண்டு மாதிரி இருக்கிறதே, அது 11.1 செ.மீ. பிடியும் ஒரு கையால் திறக்கும் அலகும் பூட்டும் கொண்டது. சுவிஸ் ஊரான க்ரொய்ஸ்லிங்கனும் ஜெர்மன் ஊரான கொன்ஸ்தான்ஸும் அடுத்தடுத்த தெருக்கள் போல ஒட்டிக்கிடக்கின்றன. இந்தப் பக்கம் சட்டைப்பையில் பேசாமல் கிடந்த கத்தி, நடந்து எல்லை தாண்டிய மறு நிமிடமே காரணம் கேட்கப்படும் கத்தியாகிவிடும்.

எனவே உங்கள் மகளுக்கு ஜெர்மனியில் சிக்கல் இல்லை.

14 ஜூலை 2025

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அவசரப்பட்டுவிட்டேன். நான் ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்து விதியை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன்.

2024 ஆகஸ்டில் ஸோலிங்கன் நகரத் திருவிழாவில் கத்திக்குத்து நடந்து மூன்று பேர் இறந்தார்கள். நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன ஊர் அது. ஸோலிங்கன் என்று முத்திரை குத்திய சவரக்கத்தி என் தாத்தாவிடமும் இருந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு 2024 அக்டோபர் 31 முதல் சட்டம் இறுகிவிட்டது. பொது விழாக்களில் கத்தி கூடாது. நெடுந்தூர ரயிலிலும் கூடாது. அளவு, பூட்டு என்ற பேச்சே அங்கு இல்லை, பேனாக்கத்தியும் கத்திதான். ஆனால் சட்டென்று கைக்கு எட்டாதபடி கட்டிவைத்து எடுத்துப் போகலாம். அதற்கு அவர்கள் சொல்லும் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது: கத்தியைக் கையில் எடுக்க மூன்று கையசைவுக்கு மேல் ஆக வேண்டும். பெட்டியின் பூட்டைத் திற, பெட்டியைத் திற, உள்பையை எடு, உள்பையைத் திற, கத்தியை எடு. இப்படி இருந்தால் போதும்.

ரயில் நிலையங்களுக்கும் நகர மையங்களுக்கும் தனித்தனித் தடைப் பகுதிகள் இருக்கின்றன. நுழைவாயிலில் பலகை இருக்கும். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போகும் மாணவப் பிள்ளைகள் கத்தியை அறையில் வைத்துவிட்டுப் போகட்டும்.

20 ஜூலை 2025

ஜப்பான். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்; நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிற நாடு இதுதான். ஊரெல்லாம் அமைதி, கடையெல்லாம் அழகான கத்தி. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன என்று தோன்றும்.

அங்கே துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. இரண்டு ஆண்டுச் சிறை அல்லது 3 லட்சம் யென் அபராதம் வரை. பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு 8 செ.மீ. வரை விலக்கு, அகலம் 1.5 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ. தாண்டக்கூடாது என்று நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் படித்தவர், நம் கத்தி தப்பித்தது என்று நிம்மதி அடைவார். அடையக்கூடாது. சிறு குற்றச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் கத்தியை மறைத்து எடுத்துச் செல்வதையே அது குற்றமாக்குகிறது. அளவு பற்றிக் கவலைப்படுவதில்லை. பையின் அடியில் கிடந்தாலும் மறைத்ததாகிவிடலாம்.

ஒசாகாவில் ஒருவர் பையில் பல கருவிக் கத்தி ஒன்றை வைத்திருந்தார். ஆபத்துக் காலத்தில் உதவும் என்பது அவர் சொன்ன காரணம். நிலநடுக்க நாட்டில் அது எவ்வளவு இயல்பான நினைப்பு! நீதிமன்றம் ஏற்கவில்லை. 9,900 யென் அபராதம். 2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொகை சின்னதுதான். ஆனால் அதற்காக இரண்டு நீதிமன்றம் ஏறியிருக்கிறார் மனிதர்.

என் அனுபவம்: ஆலைக்குப் போன முதல் நாளே மொழிபெயர்ப்பாளர் என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டார். வயதில் சின்னப் பெண். நேராகச் சொன்னால் பெரியவரின் மனம் புண்படுமோ என்று தயங்கித் தயங்கி, சனிக்கிழமை சாயங்காலம்தான் வாய் திறந்தார். “சார், இதை ஆலை அலமாரியிலேயே வைத்துவிடுங்களேன். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம்.” அந்த ஆறு நாளும் நான் ரயிலில் சட்டைப்பையில் அதோடு போய்வந்திருக்கிறேன்! அன்றிலிருந்து கத்தி கருவிப்பெட்டியில், கருவிப்பெட்டி ஆலை அலமாரியில். வேலை நேரத்தில், வேலை இடத்தில், வேலைக்காக வைத்திருந்தால் எந்தக் காவலரும் குறுக்கே வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கப் போகிறவனின் பையில் அது ஏன்? இந்த ‘ஏன்’தான் எல்லாம்.

21 ஜூலை 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் சென்டிமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒருவர் சலித்துக்கொண்டார். எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. அளவைத் தாண்டினால் தப்பு உறுதி. அளவுக்குள் இருந்தால் கேள்வி தொடங்குகிறது. இந்தக் கத்தி, இந்த நேரத்தில், இந்த இடத்தில், உங்களிடம் எதற்கு? இத்தாலியில் தக்க காரணம் இல்லாமல் எந்தக் கத்தியையும் எடுத்துச் செல்லக்கூடாது என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிரான்ஸிலும் அதே கேள்விதான். ஆப்பிளும் ரொட்டியும் பையில் இருக்கும்போது கத்திக்கு அர்த்தம் இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு மதுக்கடை வாசலில் அதே கத்திக்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

28 ஜூலை 2025

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தங்கள் ஊரை ஏன் விட்டுவிட்டேன் என்கிறார். சரியான தண்டனைக் கணக்கை வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பதால்தான் தாமதம்.

பொது இடத்தில் தகுந்த நோக்கம் இல்லாமல் ஆபத்தான ஆயுதத்தை வைத்திருந்தால் மூன்று ஆண்டுச் சிறை வரை, கூடவே ஆறு பிரம்படிக்குக் குறையாமல். 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குத்தான் பிரம்படி. மலேசியாவிலும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தது. பேனாக்கத்தி வைத்திருக்கிற எல்லோரையும் அடிக்கிறார்கள் என்று பொருளில்லை. வேலைக்கு, மீன்பிடிக்க, சமைக்க என்று நேர்மையான நோக்கம் இருந்தால் அது ஆயுதமே ஆகாது. ஆனால் அந்த நோக்கத்தை நிலைநாட்டும் பாரம் உங்கள் தோளில். பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தியை எந்தச் சமாதானமும் காப்பாற்றாது. அது சிங்கப்பூரில் மட்டுமா? பிரிட்டன் 1959லேயே அதன் விற்பனையைத் தடுத்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம்.

3 ஆகஸ்ட் 2025

ஒரு தாய் கேட்கிறார்: அரிவாள்மனை கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் மடக்கு அரிவாள்மனை ஒன்று மகனோடு கடல் கடந்து போயிருக்கிறது. கத்திப் பகுதியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் அட்டையை வளைத்துக் கட்டி, செக்-இன் பெட்டியின் நடுவில், துணிகளுக்கிடையே. அட்டை முக்கியம். பெட்டியைத் திறந்து பார்க்கிற ஊழியரின் விரல் அறுபடக்கூடாது. அவரும் யாரோ ஒருவரின் பிள்ளை.

சட்டப்படி அது சமையல் கருவி. பெட்டியில் போய், சமையலறையில் இறங்கி, அங்கேயே இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வீடு மாறும்போது மறுபடி அட்டை கட்டிப் பெட்டிக்குள். விடுதிகளுக்குத் தனி விதி உண்டு; சேருமுன் எழுதிக் கேட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால், முதல் வாரம் அங்கேயே ஒரு காய்கறிக் கத்தி வாங்கிக்கொள்வது எளிது. இங்கிலாந்தில் 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக்கூடாது என்பதால் கடைக்காரர் வயதுச் சான்று கேட்பார்; கோபப்பட வேண்டாம். வாங்கியதை உறை பிரிக்காமல், ரசீதோடு, நேரே வீட்டுக்கு. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவது தக்க காரணம்தான். வழியில் மூன்று மணி நேரம் ஊர் சுற்றினால் அந்தக் காரணம் தேய்ந்துகொண்டே போகும்.

பாக்குவெட்டியை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மடியில் வைத்திருந்த சுருக்குப்பையை விமான நிலையத்தில் ஸ்கேனருக்குள் விட்டபோது பாக்குவெட்டி மாட்டியது. கிளி மூக்குப் போன்ற பிடி. அம்மா வீட்டுச் சீதனம். அதை விட்டுவிட்டு ஏற முடியாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வழியனுப்ப வந்த நாங்கள் வெளியே நின்றிருந்ததால் காவலர் ஒருவர் நடந்துவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வழியனுப்ப வந்தவர்கள், விமானம் ஏறுகிறவர் சோதனை தாண்டும்வரை கிளம்பாதீர்கள்.

10 ஆகஸ்ட் 2025

ஈரோட்டு நண்பரே, நேற்று நீங்கள் தனியாக எழுதியதை உங்கள் அனுமதியோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். “பழம் நறுக்க என்று சொன்னேனே தவிர, உண்மையில் ராத்திரி நூலகத்திலிருந்து தனியாக வருவாளே என்ற பயம்தான், ஐயா.”

எனக்கும் ஒரு மகள் உண்டு. அவள் முதன்முதலாக வெளியூர் போனபோது நானும் இதையேதான் நினைத்தேன். ஆகவே உங்களுக்கு நான் சொல்வதை அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட பேனாக்கத்தியே ஆனாலும், ஒருவரைத் தாக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால், தற்காப்புக்கென்றாலும்கூட, அது ஆயுதமாகிவிடும். 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் அதைப் பிடிக்கும். ‘எதற்கு வைத்திருக்கிறாய்’ என்று காவலர் கேட்கும்போது, பொய் சொல்லத் தெரியாத உங்கள் மகள் ‘அப்பா பாதுகாப்புக்குக் கொடுத்தார்’ என்பாள். அந்த ஒரு வாக்கியம் தாத்தாவின் கத்தியைக் குற்றப்பொருளாக்கிவிடும். அவள் படிப்பு, விசா எல்லாம் அதில் தொங்கும். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் இதே கதைதான்: தற்காப்பு என்பது கத்திக்குக் காரணமாகாது.

இன்னொன்று, இதைவிட அவசரம். மிளகுத் தூள் தெளிப்பானை நம்மூரில் கடையில் வாங்கிப் பெண் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்புகிறோம். பிரிட்டனில் அது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் நிற்கிறது. வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பெட்டியில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பதிலுக்கு என்ன என்றால்: முள்ளை இழுத்தால் காதைக் கிழிக்கும் கையடக்க அலாரம் சட்டப்படி சரி. இரவில் கூட்டமாகத் திரும்புவது, பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு எண்ணையும் அவசர அழைப்பு எண்ணான 999ஐயும் கைபேசியில் முன்னால் வைப்பது. கத்தியை இழுத்துத் திறக்கிற நேரத்தில் ஐம்பது அடி ஓடிவிடலாம். ஆலையில் கைகலப்பு ஒன்றை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்: கத்தி எடுத்தவர் கையில்தான் பன்னிரண்டு தையல்.

11 ஆகஸ்ட் 2025

சீக்கியர்கள் சமயக் கடமையாக அணியும் குறுவாளான கிர்பான் பற்றிக் கேட்ட லூதியானா தமிழருக்கு: பிரிட்டனின் 139ஆம் பிரிவே சமயக் காரணம், வேலைக்கான பயன்பாடு, தேசிய உடையின் பகுதி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி ஏற்கிறது. விமானத்தில் கதை வேறு. இந்தியாவுக்குள் பறக்கும் இந்திய விமானங்களில் அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் வரை சீக்கியப் பயணிகளுக்கு அனுமதி. வெளிநாட்டு விமானத்தில் அது கிடையாது.

17 ஆகஸ்ட் 2025

இன்று கொஞ்சம் வழி விலகுகிறேன்.

பிரான்ஸின் சவுவா மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர், உழவர்களுக்காக மரப்பிடி வைத்த ஒரு மடக்குக் கத்தி செய்தார். இன்றும் ஏறக்குறைய அப்படியே செய்கிறார்கள். வளைந்த மரப்பிடி, மெல்லிய அலகு. என் ஓய்வுக்கு நண்பர்கள் தந்த பரிசும் அதில் 8ஆம் எண்தான், அலகு 8.5 செ.மீ. மழைக்காலத்தில் பிடி ஈரம் உறிஞ்சிப் பருத்துவிடும். அப்போது நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம்தான் போகும். பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆப்பிளின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவ இதைவிட நல்ல கத்தியை நான் தொட்டதில்லை.

1955இல் அதன் கழுத்தில் ஒரு எஃகு வளையம் சேர்த்தார்கள். விரல் மேல் அலகு மடங்கிவிடாமலிருக்க, திருப்பினால் பூட்டிக்கொள்ளும். உழவரின் விரலைக் காக்க வந்த அந்த வளையம்தான் பிரிட்டனில் இதை விலக்குக்கு வெளியே தள்ளுகிறது. 8.5 செ.மீ. என்பதால் நீளத்திலும் தோற்கிறது. விரலுக்குப் பாதுகாப்பான கத்தி சட்டத்துக்கு ஆகாதது, விரலை நறுக்கக்கூடிய கத்தி சட்டத்துக்கு ஆகும்! எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை. சட்டத்தின் பார்வையும் புரிகிறது: பூட்டிய அலகு குத்துவதற்கு ஏதுவானது. இருந்தாலும் கையால் வேலை செய்கிறவன் பக்கம் நின்று பார்த்தால் மனம் கேட்கவில்லை.

நியூயார்க்கில் இதைவிட மோசம் நடந்தது. உதறினால் திறக்கும் கத்திக்கு எதிராக 1950களில் வந்த சட்டத்தை வைத்து, கடையில் வெளிப்படையாக விற்ற சாதாரண மடக்குக் கத்திகளைக் காவலர்கள் உதறி உதறிப் பார்த்துத் தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். 2019 மே மாதம்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அப்போதும் நகரத்தின் 4 அங்குல வரம்பு நின்றது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. போகிற ஊரின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

31 ஆகஸ்ட் 2025

பெட்டி கட்டும் நேரம் வந்துவிட்டது என்கிறீர்கள். இரண்டு வழி இருக்கிறது.

தாத்தாவின் கத்தியை அனுப்பினால், கழுவித் துடைத்து, ஒரு காலுறைக்குள் போட்டு, அதைச் சமையல் சாமான் டப்பாவுக்குள் வையுங்கள். கரண்டி, காய் சீவி, கத்தி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் பெட்டியைத் திறக்கிறவருக்கே அது எதற்கென்று புரிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் சமையலறை இழுப்பறையில் இருக்கட்டும். பிரிட்டனுக்குள் மலையேறப் போகும்போது, பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடப் போகும்போது எடுத்துக்கொள்ளட்டும். நீதிமன்றம், அருங்காட்சியகம், இசை நிகழ்ச்சி, கால்பந்து மைதானம் என்று பை சோதிக்கிற இடம் எதற்கும் வேண்டாம். வேறு நாட்டுக்குக் கைப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் கத்தி வீட்டில்.

அல்லது தாத்தாவின் கத்தி ஈரோட்டிலேயே இருக்கட்டும். அவள் அங்கே ஒரு சின்னக் கத்தி வாங்கிக்கொள்ளட்டும். தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். மேஸ்திரியின் மூங்கில் குச்சியை நான் இன்னொரு முறை வாங்க முடியாது.

நான் இரண்டாவதையே சொல்வேன். முடிவு உங்களுடையது.

1 செப்டம்பர் 2025

‘கத்தியே இல்லாத சுவிஸ் கத்தி வருகிறதாமே’ என்று கேட்டவருக்கு: ஆம், சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத் தலைவரே 2024இல் சொன்னார், சட்டங்கள் இறுகுவதால் அலகில்லாத கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் அவர்கள் விற்பனை சரிந்ததையும் மறந்திருக்க மாட்டார்கள். திருகுளியும் கத்தரியும் மட்டும் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள்தான். நான் கொய்யாவை எதால் பிளப்பது?

5 அக்டோபர் 2025

ஈரோட்டிலிருந்து செய்தி. தாத்தாவின் கத்தி பூஜை அறை அலமாரியில் இருக்கிறதாம். சரஸ்வதி பூஜையன்று மகளின் பழைய புத்தகங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்களாம். படித்ததும் எழுந்து போய் என் கருவிப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இந்த ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு பித்தளைக் கொக்கியில் இன்னும் இருக்கிறது.

23 நவம்பர் 2025

மகளே எழுதியிருக்கிறாள், மான்செஸ்டரிலிருந்து. “மாமா, அப்பா எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். இங்கே ஒரு குட்டிக் கத்தி வாங்கினேன், மடக்கினால் 5.8 செ.மீ. பருப்புப் பொடி பாக்கெட் பிரிக்கவே தினமும் வேண்டியிருக்கிறது. இழுப்பறையில்தான் இருக்கிறது. இரண்டு வாரமாகத் திறக்க முடியாமல் இறுகிவிட்டது. அம்மா சொன்னபடி கீலில் தேங்காய் எண்ணெய் விட்டேன்.”

அம்மாடி, அந்த எண்ணெய்தான் வினை. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். உன் சமையலறையில் நவம்பரில் அது மெழுகு. வெந்நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, கத்தியை முக்கி, உள்ளேயே பத்து முறை திறந்து மூடு. பொடியும் எண்ணெயும் கலங்கி வெளியே வரும். நன்றாக உதறி, ஒரு ராத்திரி காயவிடு. மருந்துக்கடையில் திரவ பாரஃபின் கேட்டு வாங்கி, கீலில் ஒரே ஒரு சொட்டு. திறந்து மூடிவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடு. திறக்கும்போது நகத்தை அலகின் குழியில் வை, விரலை விளிம்பில் வைக்காதே.